மலிவான நெட்வொர்க் கார்டு

வீட்டுக் கணினிக்கு எந்த நெட்வொர்க் கார்டு வாங்கலாம் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், மலிவானதே போதும் என்கிறேன். பதின்மூன்று வயதில் என்னிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். போனேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் இன்னும் எனக்கு உண்டு. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கணினி, மாதா கோயில் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. அதில் நெட்வொர்க் கார்டு செத்திருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு இணையத்தில் உதவித்தொகைத் தேர்வு. தேறினால்தான் விடுதிப் பள்ளியில் இடம்.

சனிக்கிழமை கடையில், பெயர் பெற்ற கம்பெனியின் கார்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணாச்சி, பாதி விலைகூட இல்லாத இன்னொன்றை எடுத்துப் போட்டார். "வீட்டுக்கு இது போதும்."

அப்பா அதையே வாங்கி, மாலையில் அவரே மாட்டினார். இணைப்பு வரவில்லை. ஞாயிறு கடை கிடையாது. பூசையில் உட்கார்ந்திருந்தபோதும் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "கம்பெனி கார்டு வாங்கிருந்தா இப்படி ஆவுமா?" என்று அப்பாவை எத்தனை முறை கேட்டேனோ.

திங்கட்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை. மீன்பெட்டி கட்டும் மொபெட்டில் கணினியைக் கட்டிக்கொண்டு, திறக்கும் முன்பே கடைவாசலில் போய் நின்றோம். ஒன்பது மணிக்கு மேல்தான் அண்ணாச்சி வந்தார். கார்டை உருவியவர் விரலை முகர்ந்து பார்த்தார்.

"என்னவே இது, கிரீஸை அப்பி வச்சிருக்கீரு?"

"உப்புக்காத்துல துரு ஏறிரக் கூடாதுல்லா அண்ணாச்சி. வள்ளத்து இன்ஜினுக்குப் போடுத நல்ல கிரீஸுதான்," என்றார் அப்பா.

"அப்ப ரெண்டு சொட்டு டீசலும் ஊத்திருக்கலாம்லா!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே என்னையும் பார்த்தார்கள். சனிக்கிழமை அப்பா கிரீஸ் பூசியபோது டார்ச் பிடித்தது நான். பூசாமல் விட்ட ஓரத்தைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

"நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்," என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "ஆமா அண்ணாச்சி, பிள்ள சொல்லிச்சு. படிக்கிற பிள்ளல்லா. நான்தான் கேக்கல."

அண்ணாச்சி ஸ்பிரிட்டால் துடைத்து, அதே கார்டை மாட்டிக் கொடுத்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், வீட்டில் தேர்வுப் பக்கம் திறந்தது. எழுதினேன். இடமும் கிடைத்தது.

டார்ச் பிடித்தது நான்தான் என்பது அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.