சிமெண்ட் உப்புக் குவியல்

மரக்காணத்தில் உப்பளத்தைச் செம்மண் கொட்டித் தூர்த்துக் கட்டிய ரிசார்ட்டுக்கு இன்று ஏசி மாட்டப் போயிருந்தேன்.

வாசலில் அழகுக்காக ஓர் உப்புக் குவியல். சிமெண்டில் செய்து வெள்ளை பெயிண்ட் அடித்தது. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர் எங்கள் தெரு அஞ்சலை அக்கா. இதே இடத்தில் உப்பு வாரியவர்.

திடீரென்று மழை. அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கூரை வேய வைத்திருந்த கீற்றை இழுத்துக்கொண்டு குவியலை மூட ஓடினார்.

"அக்கா, அது சிமெண்ட்டுக்கா!"

"உப்பு கரைஞ்சிடுமேன்னு ஓடிட்டேன்பா" என்றார், கீற்றும் கையுமாக நனைந்தபடி.

கெஸ்ட்டுகள் வீடியோ எடுத்தார்கள். மேனேஜர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சூப்பர்மா! டெய்லி சாயங்காலம் இதே மாதிரி ஓடுங்க. கெஸ்ட்டுக்குப் புடிச்சிருக்கு."

தினமும் மழைக்கு மேனேஜர் எங்கே போவார் என்று கேட்கிறீர்களா? தோட்டத்து ஹோஸ் பைப் இருக்கிறதாம்.