அவிழ்க்காத காப்பு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவளுடைய புருசன் குடிக்கிறவன் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில், அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும். குடிக்காதவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்திருப்பாள், இல்லையென்றால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். குடிக்கிறவன் பெண்டாட்டி ரோட்டைப் பார்த்திருப்பாள். கல்யாணமாகி பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தோட்டத்துக்கு வந்த வருசத்திலிருந்து நான் ரோட்டைப் பார்த்தவள். இந்நேரம் கழுத்து அந்தப் பக்கமாகவே திரும்பி நின்றுபோயிருக்க வேண்டும். ஏதோ புண்ணியம், நேராக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும். கை ஆடினால் செடியும் கெடும், காலும் போகும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வந்த வருசங்கள் அவை. மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றோம். சாராயத்துக்கு மட்டும் என்றைக்கும் தட்டுப்பாடு வரவில்லை, அது எந்தத் தெய்வத்தின் கிருபையோ! பசாரில் தவறணை, சாராயக் கடை. அது மூடினால் ஆற்றோரத்தில் கசிப்பு, அதாவது திருட்டுச் சாராயம். போயா நாளில், பௌர்ணமிக்கு, தவறணையும் மூடி, பொலிஸ் வந்து கசிப்புக்காரனும் ஓடியிருந்தால், மறுநாள் காலையில் அவருக்குக் கை ஆடும். தேத்தண்ணிக் கோப்பை பல்லில் தட்டுகிற சத்தத்தில்தான் நான் எழும்புவேன். பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும். குடிக்காதபோது நல்ல மனுசன்தான். அந்த நேரத்தை நான் பார்த்தால்தானே!

மூத்தவளுக்கு அம்மை போட்டது. அது இறங்கினால் அவளுடைய அப்பா மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பார் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான், தூக்க வேண்டியவர் அவர். எரிச்சலில் வேண்டியதுதான், மறைப்பானேன். தீச்சட்டி எடுக்கிறவருக்குப் பூசாரி கையில் காப்புக் கட்டுவார். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள், அவ்வளவுதான். ஆனால் அது கையில் இருக்கிறவரை சாராயம் கூடாது, கவுச்சி கூடாது, பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எந்தக் குடிகாரனும் அதை மீற மாட்டான். திருவிழா முடிந்து அம்மனை ஆற்றங்கரையில் வழியனுப்பி, காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈரவேட்டியோடு நேரே தவறணைக்குத்தான் போவார்கள். அதுதான் வழக்கம்.

காப்புக் கட்டிய மறுநாளே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்கடுத்த நாள் சாயங்காலப் பூசையில், தப்பு மேளச் சத்தம் ஏறும்போது, கையிலிருந்து தொடங்கி உடம்பு முழுக்க ஆட ஆரம்பித்தது. கண் சொருகியது. எதையோ பார்த்துப் பயந்தவராகப் பின்னால் பின்னால் போனார்.

"அம்மா வந்துட்டா! தண்ணி கொண்டாங்கடி!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். பக்கத்து லயத்துக் கிழவர் காலில் விழுந்து, "தாயே, எம்மவனுக்குப் பேர் பதிஞ்சு வேல கெடைக்குமா?" என்று குறி கேட்டார். இவர் பல் கிட்டித்துப்போய் "ம்ம்ம்" என்றார். கிழவர் அதையே வாக்காக எடுத்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் தூணோரமாக நின்றேன். எனக்குத் தெரியாதா அந்த ஆட்டம்? போயாவுக்கு மறுநாள் கோப்பையில் பல் தட்டுமே, அதே ஆட்டம்தான். இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக வந்திருந்தது. சாராயம் கேட்டு உடம்பு ஆடியது, ஊர் அதற்குத் தேங்காய் உடைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அம்மன் பேரிலாவது நாலு நாள் நிற்கட்டுமே என்றிருந்தது.

நடுக்கம் நின்ற பிறகு மனுசன் வேறு ஆளாக இருந்தார். சோற்றை ருசி பார்த்துச் சாப்பிட்டார். தீச்சட்டியைக் கொஞ்சமும் சாயாமல் கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்தார். கடைசி நாள் ஆற்றங்கரையில் எல்லாரும் கையை நீட்ட, இவர் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மாவத்தான் அனுப்பியாச்சே, இன்னும் எதுக்குய்யா காப்பு?" என்று பூசாரி கத்தினார்.

"எனக்குள்ள வந்தவ இன்னும் போகல சாமி. இத அவுத்தா போயிருவா. அவ போனா நான் எங்க போவேன்னு எனக்கே தெரியும்" என்றார் இவர்.

பூசாரிக்குக் கோபம். தோட்டத்துச் சங்கத் தலைவருக்குக் கோபம். ஒருத்தன் காப்போடு திரிந்தால் திருவிழா முடியாத கணக்காகிவிடும், தோட்டத்துக்கு ஆகாது என்றார்கள். இவர் அசையவில்லை. பிறகு, அம்மன் இறங்கிய ஆளாயிற்றே என்று பயந்து விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது என் பாடு. காப்புக் கட்டியவர் இருக்கிற காம்பராவில் கருவாடு சுடக்கூடாது. பிள்ளைகள் பக்கத்துக் காம்பரா வாசனையைப் பிடித்துக்கொண்டே வெறும் ரொட்டி தின்றார்கள். பாய் தனி. கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து இலை பறிக்கும்போது பெண்கள் கேலி பண்ணுவார்கள். "ஏன்டி, ஒம் புருசன் சாமியாராப் போயிட்டாராமே, நீ எப்ப காவி கட்டப் போற?" என்பாள் ஒருத்தி. "கட்டுனாலும் கொழுந்து நாந்தான்டி எடுக்கணும்" என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. குடித்தபோது மனுசனைக் காவல் காத்தேன். இப்போது நூலைக் காவல் காத்தேன். மழையில் நனைந்து நைந்துபோனால் மேலே இன்னொரு நூல் சுற்றி மஞ்சள் தேய்த்தேன். காலையில் கண் விழித்தால் அவர் கையைத்தான் முதலில் பார்ப்பேன். அலுத்துவிட்டது. குடியைவிடக் குடிக்காமல் இருப்பது இவ்வளவு வேலை வாங்கும் என்று யார் கண்டார்கள்?

அப்படியே மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் அடுத்த காம்பராவில் ஒப்பாரி கேட்டது. அந்த வீட்டு ஆள் இவருடைய கூட்டாளி. ஒன்றாகக் கவ்வாத்து வெட்டி, ஒன்றாகக் குடித்து, ரோட்டோரம் விழுந்து கிடந்த இவரை எத்தனையோ நாள் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் இஸ்தோப்பில் இறக்கிவிட்டுப் போனவன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கசிப்பாலேயே போய்ச் சேர்ந்தான்.

குழி வெட்ட ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஓர் ஆள் போக வேண்டும். அதுவும் இவர் போகாமல் யார் போவது? காப்போடு அந்த வாசலை மிதிக்கக் கூடாது. காப்பை அவிழ்த்தாலோ, குழி மேட்டில் வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது வழக்கம். அவர் இஸ்தோப்பில் குந்தி, மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு அழுதார்.

"போகாட்டி நான் மனுசனில்ல. போனா அவ என்னய விட்டுப் போயிருவா. மறுபடி குடிப்பேன், புள்ள."

இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"எவ போவா? எவளும் வரல! அது அம்மா இல்ல. சாராயம் கெடைக்காத நடுக்கம். போயாவுக்கு மறுநா ஆடுவீங்களே, அதே ஆட்டம். ஊரு கும்புட்டுச்சு, நான் பேசாம இருந்தேன். அந்த ஆட்டத்தத் தாண்டி வந்தது நீங்க. நீங்க மட்டுந்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. மனுசன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பையும் நானே ஒடித்துவிட்டேனோ? அவர் கோபப்படவில்லை. பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டினார். கை ஆடவில்லை, என் கைதான் ஆடியது. நூலை அறுத்து, பீலியில், மலையிலிருந்து குழாய் வழியாக ஓடி வருகிற தண்ணீரில் விட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அன்றைக்கு நான் ரோட்டைப் பார்த்த மாதிரி என்றைக்கும் பார்த்ததில்லை. தப்புச் சத்தம் தேயிலை மலைக்குள் போய்த் தேய்ந்தது. அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். ஒருவன் பாடிக்கொண்டு வந்தான், ஒருவன் அழுதுகொண்டு வந்தான், இரண்டு பேருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. இவரைக் காணோம். எல்லாருக்கும் கடைசியாக, பீலியில் குளித்த தலையோடு வந்து என் முன்னால் நின்றார். குனிந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். பீடி வாசனை, இஞ்சித் தேத்தண்ணி வாசனை. அவ்வளவுதான்.

"நீட்டுனாங்க. வாங்கி மோந்து பாத்தேன். பக்கத்து ஆளுகிட்ட குடுத்துட்டேன்" என்றார்.

"நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாது புள்ள."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோசம் என்று சொல்ல மாட்டேன், அலுப்பு. அவ்வளவு அலுப்பு அது. அன்றைக்கு எங்கள் அடுப்பில் கருவாடு சுட்டேன்.

மறுநாளும் வேலை விட்டு வந்ததும் ஊதினார். அதற்கு மறுநாளும். நான் கேட்டதில்லை, அவரும் விட்டதில்லை. நான் கொழுந்துக் கூடையை இறக்குவதற்குள் முகத்துக்கு நேரே ஒரு 'ஹா'. ஒரு தீபாவளிக்கு அவர் ஊதவில்லை. இஸ்தோப்புக்கு வராமல் வாய்க்கால் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கிறார் என்று தெரிய எனக்கு அது போதும். கத்தவும் தெம்பில்லை, பிள்ளைகளுக்குப் பலகாரத்தைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். விடிந்ததும் அவருக்குக் கை ஆடியது. யாரும் குலவையிடவில்லை, யாரும் குறி கேட்கவில்லை. கோப்பையை நான் பிடித்துக்கொள்ள, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். சாயங்காலம் வந்து ஊதினார்.

வருசங்கள் போயின. மூத்தவள் பள்ளிக்கூடத்தை முடித்தாள். அடுத்த காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் ரோட்டைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. அவர் நனைந்து வந்து, கால் கழுவி, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்தார். நான் சின்னவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு ரொட்டி சுட்டுப் போட்டேன். ஒரு ரொட்டியில் பாதி தின்றிருப்பார். திடீரென்று திருட்டு முழி முழித்துக்கொண்டு எழும்பினார். வாய் நிறைய ரொட்டி.

"ஐயையோ, இன்னிக்கி ஊதலியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உக்காந்து சாப்புடுங்க, ரொட்டி ஆறுது" என்றேன்.