நேர்த்திக்கு ஓடிய வண்டி

இந்த ஊரில் பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் விற்கிறார்கள். வந்த புதிதில் மகன் அன்ரன் அதைச் சொன்னபோது பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இலங்கையில், எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில், என் புருஷனுக்குக்கூட ஒரு சுருட்டு வாங்கிக் கொடுக்காதவள் நான். இத்தாலியின் வடக்கில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டணத்தில், கோயிலுக்குப் போவதென்றாலும் முதலில் ‘தபாக்கி’ என்று எழுதிய அந்தக் கடைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது. டிக்கெட்டை வாங்கி, பஸ்ஸில் ஏறி, ஒரு மெஷினின் வாய்க்குள் நாமே செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கொண்டக்டர் கிடையாது. குத்தினாயா என்று கேட்க ஒருவரும் இல்லை. சனங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சாதாரண உடுப்பில் நின்ற இரண்டு பேர் திடீரென்று அட்டையைக் காட்டி எல்லாரிடமும் டிக்கெட் கேட்டார்கள். மற்றவர்களுடையதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், என் மச்சாள் எலிசபெத்தின் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எலிசபெத் என் அண்ணனின் பெண்சாதி. உச்சமுனைத் தீவுக்காரி. அண்ணன் செத்த பிறகு இங்கே வந்து ஒரு இத்தாலிக் கிழவியைப் பராமரிக்கிறாள். டிக்கெட் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதைப் பிறகும் எல்லாருக்கும் தெரிகிறமாதிரிக் கையில் பிடித்தபடியே வந்தாள். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டாள்: “எங்களப் பாத்தா சும்மா ஏறுற ஆக்கள் மாதிரியா இருக்கு மச்சாள்?”

ஊரில் ஆட்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஒன்று எங்களிடமே இருந்தது. என் புருஷன் சூசை, கண்டக்குழியிலிருந்து புத்தளத்துக்கு மீன் ஏற்றும் லொறி வைத்திருந்தார். அதற்கு முன் அவரும் கடலுக்குப் போனவர்தான். ஒருமுறை தோணி கவிழ்ந்து, வலை மிதப்பைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தண்ணீரில் கிடந்தார். தன்னைக் கரை சேர்த்தால் தலவிலக் கோயிலில் இருக்கும் மாதாவின் தாய் அன்னம்மாளின் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஆட்களைக் கூலி இல்லாமல் கொண்டுவருகிறேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார். நேர்ந்த நேரம் அவரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. லொறி வாங்கிய வருஷமே தொடங்கிவிட்டார். திருவிழாவுக்கு முதல்நாள் தேசிக்காய் போட்டுத் தேய்த்து லொறியைக் கழுவுவார். மீன் வாடை ஒரு வருஷமும் போனதில்லை. பாய் விரித்து, கோயில் கொடி கட்டி, கிழவிகள் ஏறக் கதிரை வைப்பார். உச்சமுனைக்காரர்கள் படகில் வந்து இறங்கிக் கரையில் காத்து நிற்பார்கள்.

நேர்த்தி வண்டியில் வெறுங்கையோடு ஏறுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சும்மா ஏறினால் புண்ணியம் முழுக்க வண்டிக்காரனுக்குத்தான் சேரும், ஏறினவர் அடுத்தவனுடைய நேர்த்தியைத் தின்றவர் ஆவார் என்று நினைப்பார்கள். அதனால் சாரதிக்கு முன்னால், அன்னம்மாள் படத்துக்குக் கீழே, ஒரு பால்மா டின் இருக்கும். இருக்கிறவர் நோட்டுப் போடுவார், இல்லாதவர் சில்லறை போடுவார். ஒரு கிழவர் வருஷம் தவறாமல் கருவாட்டுத் துண்டு போடுவார். சூசை அந்த டின்னுக்குள் எட்டியும் பார்க்கமாட்டார். கோயிலில் இறங்கியதும் நான் அதை அப்படியே மெழுகுதிரிக்குக் கொடுத்துவிடுவேன். வழியில் நிற்கும் பொலிஸ்காரர் கொடியைக் கண்டால் கையை அசைத்து விட்டுவிடுவார். சிலவேளை அவரும் ஏதாவது போடுவார்.

சூசைக்கு ஒரு ஆசை மிச்சம் இருந்தது. மீன் லொறிக்காரன் என்கிற பேர் போய், பஸ்காரன் என்கிற பேர் வர வேண்டும். கண்டக்குழியிலிருந்து புத்தளத்துக்கு ஒரு பஸ் ஓட்ட பேர்மிட் கேட்டு எத்தனையோ தரம் அலைந்தார். பஸ்ஸைக் காசு கொடுத்து வாங்கலாம், பாதையை எப்படி வாங்குவது என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பாதையில் ஓடுகிற பஸ்கள் போதும் என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆசையோடுதான் அவர் கண்ணை மூடினார். லொறியை விற்றேன். இத்தாலியில் இருந்த அன்ரன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். தகப்பன் நேர்ந்தது மகன் தலையில் நிற்கும் என்பது எங்கள் வழக்கம். அன்ரனுக்கு அதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அன்னம்மாளுக்கு இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் கூடுகிற திருவிழா ஒன்றும் இல்லை. ஆனால் பதுவை இருந்தது. சின்ன வயதிலிருந்து பதுவை அந்தோனியார், பதுவை அந்தோனியார் என்று மன்றாடி வந்தவள் நான். அந்தப் பதுவை பெரிய ரோட்டில் போனால் எட்டிவிடுகிற ஒரு நிஜ ஊர், அங்கே கடையும் குப்பைத் தொட்டியும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்னம்மாளுக்கு நேர்ந்ததை அந்தோனியாருக்குக் கொடுக்கலாமா என்று நான் யோசித்தேன். எலிசபெத்தான் அதைத் தீர்த்து வைத்தாள். “அந்தோனியார் கையில வெச்சிருக்கிறது ஆர? அன்னம்மாட பேரப்பிள்ள யேசு பாலனத்தானே. அவ ஒண்டும் நினைக்கமாட்டா” என்றாள். அன்ரன் ஒரு பழைய வான் வாங்கினான், சாரதியோடு ஒன்பது பேர் இருக்கலாம். ஜூன் மாதத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் ஆட்களை அதில் ஏற்றினான். டின்னை அவன் வைக்கவில்லை. முதல் வருஷமே எலிசபெத் தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள். இந்த நாட்டில் பெரிய ரோட்டுக்கே சுங்கம் கட்ட வேண்டும். மெழுகுதிரிக்குக் கொஞ்சம் போதும், சுங்கத்துக்கும் இதில் எடு என்று ஏறினவர்களே அவனை வற்புறுத்தினார்கள். அப்படித்தான் அது நடந்து வந்தது.

அன்ரன் ஒரு பஸ் கம்பனியின் யார்டில் பஸ் கழுவுகிறவனாக இருந்தான். கழுவிக்கொண்டே படித்து பஸ் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தான். பிறகு சொந்தமாக ஒரு பஸ் வைத்து ஆட்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பித்தான். தகப்பனுக்குக் கிடைக்காததைத் தான் எடுக்கப்போகிறேன் என்று அவன் சொல்லவில்லை, ஆனால் தகப்பனின் படத்தை அறையில் இடம் மாற்றி மேசைக்கு முன்னால் மாட்டியிருந்தான். இந்த நாட்டில் பாதை கேட்டு அலைய வேண்டியதில்லை, வேறு சாமான்கள் கேட்கிறார்கள். தொழில் தெரியும் என்று காட்ட ஒரு பரீட்சை, பஸ் பழுதானால் திருத்த வங்கியில் காசு, பஸ் நிறுத்த ஒரு இடம். மூன்றும் அவனிடம் ஒருமாதிரிச் சேர்ந்துவிட்டன. கடைசியில் ஒன்று இருந்தது. ‘ஒனொராபிலித்தா’ என்றான்.

“அது என்ன மகன்?”

“பேர் கெடாத ஆள் எண்டு காட்டுறது அம்மா.”

“அதுக்கு என்னத்துக்குக் கடதாசி? சூசைட மகன் எண்டு சொல்லு, கண்டக்குழியில அது போதும்.”

“ஓம், இவங்க கண்டக்குழிக்கு ஆள் அனுப்பித்தான் விசாரிக்கப் போறாங்க” என்று சிரித்தான்.

விண்ணப்ப அலுவல் பார்த்த பெண் அவனுக்குப் புத்தி சொல்லித்தான் அனுப்பினாள். அனுமதி கைக்கு வரும்வரை காசுக்கு ஒருவரையும் ஏற்றாதே, வானிலும் ஏற்றாதே என்றாள். நான் காசுக்கு ஏற்றுகிறவன் இல்லை என்று அவன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த வானில் ஏறிய எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

அந்த வருஷத் திருவிழாவுக்குப் போகும் வழியில், பெரிய ரோட்டோரம் வண்டிகள் நின்று இளைப்பாறும் இடத்தில் எங்களை மறித்தார்கள். பொலிஸ்காரன் வாலிபன், முகத்தில் கடுமை இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டான், அந்தோனியார் என்றதும் தன் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சின்ன அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டுக்கொண்டான். பிறகு அன்ரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஏறியிருந்தவர்களிடம் காசு கொடுத்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். இரண்டு பேர் பாஷை தெரியாததுபோல நின்றார்கள். எலிசபெத்துக்கு அவன் கேட்டது நன்றாக விளங்கியது. கிழவியோடு இருந்து பேசிப் பழகிய இத்தாலி பாஷை அவளுடையது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஓம், எல்லாரும் கொடுத்தோம், ஒருவரும் சும்மா வரவில்லை என்றாள். சொன்னதோடு நிற்காமல் டின்னை எடுத்து அவன் முன்னால் குலுக்கியும் காட்டினாள்.

அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இடையில் புகுந்து, அது என் மகனுக்கு இல்லை, அந்தோனியாருக்கு என்று எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். சுங்கத்தையும் அந்தோனியார்தான் கட்டினாரா என்று பொலிஸ்காரன் கேட்டான். எங்கள் ஆட்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் அபராதம் எழுதினான். வானை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். அன்ரனின் லைசன்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். திருவிழா உடுப்போடு நாங்கள் ரோட்டோரப் புல்லில் நின்றோம். எலிசபெத் என்னிடம் மெல்லக் கேட்டாள்: “உண்மையத்தானே சொன்னேன்?” ஓம், உண்மையைத்தான் சொன்னாய் என்றேன். வேறென்ன சொல்வது? அந்தப் பொலிஸ்காரன் என்னிடம் முதலில் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிச்சைக்காரி மாதிரி வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

இந்த நாட்டுச் சட்டத்தை நான் குறை சொல்லவரவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் காசுக்கு ஆட்களை ஏற்றிச் சாகடித்தவர்கள் இருந்திருப்பார்கள், அதற்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு ஒன்றில் கூலி, இல்லாவிட்டால் தர்மம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் எங்கள் கரையில் ஒரு இடம் வைத்திருந்தோம். வாங்குகிறவனும் தாழமாட்டான், கொடுக்கிறவனும் தாழமாட்டான். அந்த இடத்தை இங்கே ஒருவருக்கும் காட்ட முடியவில்லை.

அனுமதி கிடைக்கவில்லை. இந்த விஷயம் பதிவில் இருக்கும்போது அந்த ஒனொராபிலித்தாவை ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பேசி வைத்த பஸ்ஸை வேறொருவர் வாங்கினார், நிறுத்தும் இடமும் கைவிட்டுப் போனது. எலிசபெத் ஒருநாள் வீட்டுக்கு வந்து, அபராதத்தில் தன் பங்கு என்று ஒரு உறையை மேசையில் வைத்தாள். அன்ரன் அதைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான்.

“வேணாம் மாமி. இனி உங்களிட்ட வாங்கினா அதையும் கூலி எண்டுதான் எழுதுவாங்க.”

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அவளுக்கு அது பகிடியாக இல்லை. ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் பதுவைக்குப் போகவில்லை.

லைசன்ஸ் திரும்பி வந்ததும், முன்பு பஸ் கழுவிய அதே கம்பனி அவனைச் சாரதியாக எடுத்தது. இந்த வருஷம் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்து ஆட்கள் அந்தக் கம்பனியின் புல்மானை, அதாவது பெரிய பஸ்ஸை, வாடகைக்குப் பிடித்தார்கள். அன்ரன்தான் ஓட்டினான். நீலச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போட்டு, கதவடியில் நின்று ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் பார்த்தான். என் முறை வந்தபோது நானும் நீட்டினேன். அதன் மூலையைக் கிழித்துவிட்டு, “உள்ள போங்க அம்மா” என்றான், மற்றக் கிழவிகளுக்குச் சொன்ன அதே குரலில். பஸ் சுத்தமாக இருந்தது, எந்த வாடையும் இல்லை. ஆளுக்கொரு இலக்கம் போட்ட இருக்கை. வானில் ஏறியதும் சொல்லும் செபமாலையை இதில் ஒருவரும் தொடங்கவில்லை.

பதுவையில் பஸ்களைக் கோயிலுக்குத் தூரத்தில், ஒரு பெரிய திடலில் நிறுத்துகிறார்கள். எல்லாரும் இறங்கினார்கள். அன்ரன் இறங்கவில்லை. சாரதி வண்டியை விட்டுப் போகக்கூடாது, கம்பனிச் சட்டம் என்றான். நாங்கள் திரும்பி வரும்வரை அங்கேதான் இருப்பானாம். கோபுரம் அவனுக்குக் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது, அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தான். சனங்கள் மெழுகுதிரிகளோடு நடந்தார்கள். நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். பிறகு நின்று, தகப்பனின் நேர்த்தியைத் தலையில் வைத்திருக்கிறவன் தனியே இருக்கும் அந்தப் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த எலிசபெத் திரும்பிப் பார்த்து, எத்தனையோ காலத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்: “வாங்க மச்சாள், அந்தோனியார்ட சுரூபம் வெளிக்கிடுது.”

“நீங்க நடவுங்க, வாறேன்” என்றேன்.

அவளும் போகாமல் நின்றாள். அந்தத் திடலின் நடுவில், வெயிலில், அவள் கோயில் பக்கம் பார்த்தபடி, நான் பஸ் பக்கம் பார்த்தபடி, சூசையின் பேருக்கு வாங்கிய மெழுகுதிரி என் கையிலேயே வளையத் தொடங்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.