அக்கா குறி போட்ட கற்கள்

கதவுக்குப் பின்னால் ஒட்டடைக் குச்சி ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதன் நுனியில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிய சாக்பீஸ், இப்போது சுண்டுவிரல் நகத்தளவுதான் மிச்சம். அக்காவின் குச்சி அது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாசல் கற்களுக்குக் குறி போட அவளே கட்டிக்கொண்டது. அவள் போய் இருபது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள். மேசைக்கு வரும் இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, தேறாததற்குப் பெருக்கல் குறி, சரிசெய்தால் தேறும் என்பதற்கு வட்டம் போடுவாள். தேறியதை அப்படியே விட்டுவிடுவாள். லாரி இடித்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகு முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். கண்ணும் வாயும் மட்டும் எஸ்டேட்டிலேயே இருந்தன. இட்லி, என் சட்டைக் காலர், கேட்டுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் என் மனைவி வாங்கும் கீரை, எல்லாம் அவளிடம் பாஸாக வேண்டும். கீரை மட்டும் ஒருநாளும் பாஸானதில்லை. "பூச்சி அரிச்சத துட்டு குட்த்து வாங்கினு வர்றீங்களேடா. நானே கேட்டாண்ட போய் பாத்து எடுக்கணும்" என்பாள். அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் முப்பதடி, பேவர் கல் பதித்த வாசல். தண்ணீர் லாரி ஒருமுறை உள்ளே ஏறியதில் கற்கள் அங்கங்கே உள்வாங்கிவிட்டன. சில விளிம்பு உடைந்து, சில மேல்பக்கம் தேய்ந்து ஜல்லி தெரியக் கிடந்தன. நாற்காலியின் சின்ன முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் யாராவது வந்து தூக்கித்தான் விட வேண்டும். அக்கா சண்டை போடவில்லை. குச்சியை எடுத்தாள். உடைந்ததற்குப் பெருக்கல், உள்வாங்கியதற்கு வட்டம், தேய்ந்ததற்கு ஒற்றைக் கோடு. "கோடு போட்டத திருப்பிப் போட்டாலே போதும்டா, அடிப்பக்கம் புச்சா இருக்கும். மேஸ்திரிக்கு போன் போட்டியா?" மழை முடியட்டும்க்கா என்றேன். மழை முடிந்தது, ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், வேலை தலைக்கு மேல் என்றேன். ரிலீஸ் முடிவதற்குள் அடுத்த மழை வந்து குறிகளையெல்லாம் கழுவிவிட்டது. தை பிறந்ததும் அவள் மறுபடி போட்டாள். மூன்று வருடம் இப்படியே போனது. "உனுக்கு மட்டும் வருஷம் பூரா மழைடா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பங்குனியில் காய்ச்சல், நெஞ்சில் சளி, நான்கு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். காரியத்துக்கு வரும் பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று சித்தப்பா சொன்னார். அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். எதையெல்லாம் எடுக்கணும் என்று கேட்டார். "குறி போட்டிருக்கறத மட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கடப்பாரையால் நெம்பியெடுத்து, அடியில் கிரஷர் தூள் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தார். தேய்ந்த கற்கள் திருப்பிப் போட்டதும் நேற்று வாங்கியவை போல் ஆகிவிட்டன. "யாரு சார் மார்க் பண்ணது? ஒரு கல்லு தப்பில்ல. எங்காளுங்களுக்கே இவ்ளோ கரீட்டா வராது" என்றார். அக்கா என்றேன். மொத்த வேலையும் ஒன்றரை நாளில் முடிந்தது. ஒன்றரை நாள்தான் என்பது காதில் விழுந்தது, அதற்கு மேல் உள்ளே எதுவும் போகவில்லை.

நேற்று சக்கர நாற்காலியை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்காகத் தள்ளிக்கொண்டு போனேன். சத்தமே இல்லாமல் உருண்டது. கேட்டுக்கு ஆறடி இருக்கும்போது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. கடைசி வரிசைகள் பழையபடியே கிடந்தன. நான் சொன்னபடியே மேஸ்திரி குறி போட்ட கற்களை மட்டும்தான் தொட்டிருக்கிறார். அங்கே குறியே இல்லை. அந்தக் கற்கள் தேறியவை அல்ல. அக்காவின் குச்சிக்கு எட்டாதவை. குச்சியை எடுத்து வந்து, குறி போட்ட கடைசி வரிசையிலிருந்து வீட்டுப் பக்கமாக நீளவாக்கில் தரையில் வைத்து, அந்த அளவுக்கு நாற்காலியைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன். மூன்று வருடத்தில் அவள் அதிகபட்சம் வந்தது இந்த இடம் வரைக்கும்தான். கேட்டில் கீரைக்காரம்மாவின் கூடை தெரியும். கீரை தெரியாது.

மேஸ்திரிக்குப் போன் செய்து மிச்சத்தைச் சொன்னேன். "அதுக்கின்னா சார், அரை நாள் வேல. நாளைக்கே வந்து முட்ச்சிடட்டா?"

"மழை முடியட்டும்" என்றேன்.

"இன்னா சார், சித்திர வெயிலு மண்டைய பொளக்குது."

போனை வைத்தேன். குச்சியைக் கொண்டுபோய் மறுபடி கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.