பாதியில் திரும்புகிறவர்

ஒருவர் இருபத்தாறு வருடமாக ஓர் இடத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது அந்த இடமா, அந்தத் தூரமா?

இதையெல்லாம் அவரிடம் கேட்க முடியாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, தன் மின்சார சைக்கிளின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பார். நான்கு விரலைச் சேர்த்து வைத்தாலும் மூடாத அகல டயர். வால்வை நகத்தால் தொட்டுப் புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விடுவார். மறுபடி அமுக்குவார். காற்றளக்கும் கருவி வீட்டு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. “காது மடல் மாதிரி இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா மணல் உள்ள இழுத்துக்கும்” என்பார். சொல்லிவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு டயரை. திருப்தி வராமல் இன்னும் ஒரு புஸ்.

ஐம்பத்தேழு வயது. லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான உடம்பு, கிரீஸ் ஏறிய நகங்கள், ஏணிகளில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள். குடியிருப்பது ஐந்தாம் மாடியில். முப்பத்தெட்டு கிலோ எடையுள்ள அந்த வண்டி லிஃப்டுக்குள் படுக்கைவாட்டில் அடங்காது என்பதால், பின்சக்கரத்தில் நிமிர்த்தி, முன்சக்கரம் கூரையைப் பார்க்க, அதைக் கட்டிப்பிடித்தபடிதான் இறங்குவார். மூன்றாம் மாடியில் ஏற வருகிற ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா கதவு திறந்ததும் ஒரு எட்டுப் பின்வாங்கி, “ஜோடியா கிளம்பியாச்சா? நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்” என்று சொல்வது வாராவாரம் நடக்கிறது. மெக்கானிக் சிரிக்க மாட்டார். கதவு சரியாக மூடுகிறதா என்பதில்தான் கண் இருக்கும்.

வேலை நாளில் அவர் உலகம் மேலும் கீழும்தான். மொட்டைமாடிக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இயந்திர அறைகளுக்கு ஏறுவார். கம்பிவடத்தைத் துணியால் துடைத்து, பிசிறு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்தினால் கதவிடுக்கில் வாயை வைத்து, “உக்காருங்க. கதவத் தொடாதீங்க. பாட்டு தெரிஞ்சா பாடுங்க, நான் வந்துட்டேன்” என்பார். பாடியவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் வடம் மாற்றிக்கொண்டிருந்த நாளில்தான், இயந்திர அறையின் சின்ன ஜன்னல் வழியாக முதன்முதலாக அதைப் பார்த்தார். ஊருக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில், மணல் ஒரு நாக்கைப் போல நீண்டு போய் நுனியில் மெலிந்து, இரண்டு தண்ணீருக்கும் நடுவே முடிந்துபோனது. நுனியில் வெள்ளையாக நுரை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த உயரமான கட்டடத்துக்குப் போனாலும், பெட்டியைக் கீழே வைக்கும் முன் தெற்கு ஜன்னல் எது என்று தேடுவார். அங்கே சாலை கிடையாது. மணலில் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும். பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று சாலை முடிவில் பலகை வைத்திருக்கிறார்கள். அலை உடைகிற இடம் என்று படகுக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். நடக்கலாம் என்றால் முழங்கால் கேட்காது. ஆக, பார்க்க மட்டுமே உள்ள இடமாக அது இருந்தது. அப்படியான இடங்கள் மனிதனுக்கு நல்லது செய்கின்றனவா, கெடுதல் செய்கின்றனவா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே பார்த்தபோது, கட்டட வேலைக்குக் கொட்டிய மணல்மேட்டில் ஒரு தடிச்சக்கர சைக்கிள் சத்தமே இல்லாமல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்பது மாடியும் இறங்கி ஓடினார், படிக்கட்டு வழியாக. லிஃப்டை அவரே கழற்றிப் போட்டிருந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். “அண்ணே, இது சைக்கிளா, ரோடு ரோலருக்குப் பொறந்த புள்ளையா?” என்றார் கூட்டாளி. பதினோரு வருடமாகக் கூட வேலை பார்க்கிற, வாய் ஓயாத நாற்பது வயதுக்காரர். மெக்கானிக்கின் மனைவி துணிக்கடையில் உடைகளைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, அளவுநாடாவை எடுத்து, முன்னும் பின்னும் அளந்து, மழைக்கு ஓர் உறை தைத்துப் போட்டார். “இடுப்பே இல்லாத உருப்படி இதுதான் நான் தைச்சதுலயே” என்றதோடு சரி. பேட்டரியைச் சமையலறை மேடையில் சார்ஜுக்குப் போடுவதில் மட்டும் தகராறு நடந்தது. பிறகு அதற்கும் ஓர் இடம் ஒதுங்கியது.

பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார். கைப்பிடியில் விசை. அழுத்தினால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல வண்டி முன்னே பாயும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஈர மணலில் அது ஓடியபோது அவர் வாயைத் திறந்து சத்தமாக என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒதுங்கிக் கொடுக்க, கீழே சக்கரம் ஈரத்தை மிதித்துப் போகிற மெல்லிய சரசரப்பைத் தவிர வேறு ஒலி இல்லை. வாழ்நாள் முழுக்கச் செங்குத்தாகப் போய்வந்த உடம்புக்கு நேராகப் போவது என்றால் என்னவென்று தெரிந்தது.

ஆனால் அவர் போய்ச் சேரவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கு அடுத்த எழுபது எண்பது ஞாயிற்றுக்கிழமைகளிலும் இல்லை.

காரணம், பாதி. லிஃப்டில் ஒரு பக்கம் மனிதர்கள் ஏறும் கூண்டு தொங்கும். மறுபக்கம் அதற்கு ஈடாக இரும்பு எடை தொங்கும். கூண்டின் கனத்தோடு, அதில் ஏறக்கூடிய ஆட்களில் பாதிப் பேரின் கனத்தையும் சேர்த்து அதற்குச் சரியாக அந்த எடையை வைப்பார்கள். “பாதி ஆளு ஏறினா மோட்டாருக்கு வேலையே இல்ல. தானா மிதக்கும். அந்தப் பாதியிலதான் எல்லாம் நிக்குது” என்று புதிதாக வேலைக்கு வருகிற யாரிடமும் சொல்வார். அதை வேலையோடு விடவில்லை. டீயைப் பாதி டம்ளர் குடிப்பார். பேச்சை எடுத்தால் பாதியில் நிறுத்துவார். பேட்டரியிலும் அதே கணக்கு: போக ஒரு பாதி, வர ஒரு பாதி. மீட்டரில் ஐம்பது என்று விழுந்த நொடியில், முனை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும், கைப்பிடியைத் திருப்பிவிடுவார்.

கணக்கு தப்பு என்பது கூட்டாளிக்கே தெரியும். ஒரு நாள் இயந்திர அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சண்டைக்குப் போனார்.

“முப்பது வரைக்கும் போங்கண்ணே. போறப்பதான் எதிர்க்காத்து. திரும்பறப்ப அதுவே முதுகுல தள்ளிக் கொண்டாந்து விட்டுரும்.”

“தெரியும்.”

“வீட்டுக்கு வந்து பாத்தா இருபது மிச்சம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?”

“இருக்கு.”

“அப்ப அந்த இருபத என்ன, சட்டம் போட்டு மாட்டப் போறீங்களா?”

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். கூட்டாளி எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகத் தானும் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. மணலு. அந்தப் பக்கமும் மணலு.”

மீறுவதற்குப் பதில் அவர் பாதியை நீட்டப் பார்த்தார். ஸ்டாண்டு, மட்கார்டு, மணி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். பேட்டரி அடியில் உட்காருவதால் பின்னால் கேரியர் மட்டும் தப்பியது. தண்ணீர் இறங்கி மணல் கெட்டிப்பட்டிருக்கும் நேரங்களை ஒரு தாளில் எழுதி அதன்படி புறப்பட்டார். கைப்பிடி மீது குனிந்து காற்றுக்கு உடம்பைக் குறுக்கினார். எட்டாவது கிலோமீட்டரில் விழுந்துகொண்டிருந்த ஐம்பது, ஒன்பதில் விழுந்தது, பிறகு ஒன்பதரையில். போன மாதம் பத்தைத் தாண்டியது. நுரைக்கு மேல் பறவைகள் எழுந்து உட்காருவதை எண்ண முடிந்தது. வீட்டுக்கு வந்து, உப்பு போக நல்ல தண்ணீரால் சங்கிலியைக் கழுவும்போது அவர் கை தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். மனைவி வாசற்படியில் நின்று கேட்பார்.

“அங்க அப்படி என்னதான் இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா விடிஞ்சும் விடியாம ஓடுறீங்க?”

“ரெண்டு பக்கம் தண்ணி. நடுவுல மணலு. அதான் முடியுற எடம்.”

மனைவி அதற்கு மேல் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக அவருடைய தையல் இயந்திரம் ஒரு சுவரைப் பார்த்தே இருக்கிறது. வீட்டு ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் முதுகு. அந்த மணலை அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்பது மெக்கானிக்குக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஏக்கம் ஒருவரை உள்நோக்கித் திருப்பிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் அது இருக்கலாம் என்பது அப்போது கண்ணில் படுவதில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, தெற்கு ஜன்னலில் மஞ்சள் நிறத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. மண் அள்ளும் இயந்திரங்கள். ஆற்று முகத்தைத் தோண்டி ஆழப்படுத்தப் போகிறார்கள். மணல் நாக்கை முழுவதுமாக வாரி எடுத்துவிடுவார்கள். சாலை முடிவில் புதிய பலகை: திங்கள் முதல் யாருக்கும் அனுமதி இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு. அவர் தாளை எடுத்துப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் வருடத்திலேயே அதிகமாக இறங்கும். காற்றும் குறைவு என்றார்கள். “இந்த வாரம் பாதிக்குள்ளயே போயிடலாம்” என்று கூட்டாளியிடம் சொன்னார். அவர் தானாக வாய் திறந்து சொன்னதால் கூட்டாளி அன்று கிண்டல் செய்யவில்லை.

ஞாயிறு காலை வண்டியை லிஃப்டுக்கு உருட்டியபோது பின்னால் மனைவி செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு மெத்தை. கேரியரின் நீள அகலத்துக்குக் கச்சிதமாகத் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்தது.

“நானும் வரேன். கனமா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

எடையை நிறுத்துப் பார்ப்பது அவர் தொழில். அறுபத்திரண்டு கிலோ என்றால் பாதி எங்கே வந்து விழும் என்பது அவருக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். மெத்தையை வாங்கி நாடாக்களை ஒவ்வொன்றாகக் கட்டி, இழுத்துப் பார்த்தார்.

“காலை ஓரமா வெச்சுக்கோ. சக்கரத்துல படாம” என்றார்.

அன்று மாலை நான்கு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு சாலை முடிவுக்கு வரச் சொல்லி கூட்டாளிக்குத்தான் போன் வந்தது. பேட்டரி தீர்ந்த வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு மணலில் அவர்கள் வந்ததைப் பார்த்தவரும் அவர்தான். அந்த உரிமையில் பலமுறை கேட்டுவிட்டார்: கடைசி நாள் என்று தெரிந்தும் அக்காவை ஏன் ஏற்றிக்கொண்டீர்கள், ஏற்றிய பிறகு ஏன் அப்படிச் செய்தீர்கள்? “வடத்துக்கு எண்ணெய் போட்டாச்சா?” என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். மனைவி சொல்லித்தான் நடந்தது தெரியும்.

ஏழாவது கிலோமீட்டரில் ஐம்பது விழுந்தது. மெக்கானிக் நிறுத்தினார். மனைவி இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“வெள்ளையா நுரை தெரியுதே, அதானா?”

“அதான்.”

“பக்கத்துலதான் இருக்கு?”

“நாலு கிலோமீட்டர்.”

“வழக்கமா இங்கதான் திரும்புவீங்களா?”

“இன்னும் கொஞ்சம் தள்ளி.”

மனைவி மீட்டரைப் பார்த்தார். தன் மெத்தையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் அளவெடுத்த கண். கணக்கைப் போட்டுக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

“என்னாலயா?”

மனைவி மெத்தையின் நாடாக்களை அவிழ்க்கத் தொடங்கினார். “நான் இங்கயே உக்காந்திருக்கேன். வெயிலு ஒண்ணும் பண்ணாது. தனியா போனா போயிடலாம்ல, போயிட்டு வாங்க. சொல்றேன்ல, போங்க. எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இவ்வளவு பாத்தது போதும்.” போதும் என்று சொல்லும்போதும் அவர் முகம் நுரையின் பக்கம்தான் இருந்தது.

மெக்கானிக் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவிழ்ந்த நாடாவைத் திரும்ப முடிச்சிட்டார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மீட்டரின் மேல் கவிழ்த்து, எண் தெரியாதபடி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். மனைவி ஏறுவதற்குத் தோதாக வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.