பி-போஸ்டில் போன எட்டுப் பக்கம்

சுவிற்சர்லாந்தில், பேர்ண் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன். இரசாயனவியலுக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான். அங்கே யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஒரு தடித்த புத்தகம் எனக்குக் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் ஆயுள் முழுக்க ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள். ஒருவர் முன்கோபி, சக விஞ்ஞானிகளைக் கிழித்துத் தொங்கவிடுவார். மற்றவர், விட்டுத்தள்ளு, உடம்புக்கு ஆகாது என்று சலிக்காமல் புத்தி சொல்வார். விவேகமுள்ள வாசகன் இரண்டாமவரைப் பின்பற்றுவான். நான் முன்கோபியின் நடையில் மயங்கினேன்.

அந்த வாரம்தான் ஃப்ரிபூர்க்கில் இருக்கும் நண்பன், அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன், மகளின் கல்யாண அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்கள் ஆட்களிடையே கல்யாணம் என்றால் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கார்டைக் கையில் தந்து சொல்ல வேண்டும். எனக்கோ ஒரு படம், கீழே இரண்டு பூ.

பெரிய மனிதர்களைப் போல மைப்பேனாவால் எட்டுப் பக்கம் எழுதினேன். இனி உன் வாசல் மிதியேன் என்று முடித்தேன். வருங்காலத்தில் யாராவது தொகுத்து அச்சிடக்கூடும் என்ற பொறுப்புணர்வில் ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். வரலாற்றுக்கு என்ன அவசரம் என்று, மலிவான, நாலைந்து நாள் எடுத்து மெதுவாகப் போய்ச் சேரும் பி-போஸ்ட் தபாலில் வியாழக்கிழமை போட்டேன். பிரதியை முழுதாக வாசித்த மனைவி, கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டுவது என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை கதவு மணி அடித்தது. நண்பனும் மனைவியும், கையில் பலகாரமும் கார்டும்.

"மண்டபம் எங்கையெண்டு தெரியட்டும் எண்டு எல்லாருக்கும் ஃபோனில போட்டனான். உனக்கு நேரில வந்துதானே சொல்லோணும்" என்றான்.

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

"மச்சான், செவ்வாய்க்கிழமையளவில உனக்கொரு கடிதம் வரும். உடைக்காமல் குப்பையில போடு."

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான், மேசையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தான்.

"எத்தினை பக்கம்?"

"எட்டு."

"கல்யாணம் முடிய வாசிக்கிறன். நீ வந்து வாசல்ல நிண்டு ஆக்களை வரவேற்கோணும்."

கல்யாணத்தன்று பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பு பிடித்து நின்றேன். பெண்ணின் தகப்பன் என்னைக் கடக்கும்போது காதருகே குனிந்தான்.

"அஞ்சாம் பக்கம் வரைக்கும் வந்திட்டன். பன்னீரை நல்லாத் தெளி."