ஏரிக்கரையில் கட்டிய ராஜ்யம்

இந்த மாதத்தின் முதல் ஞாயிறு. மதியம் இரண்டரை மணி. கொரட்டூரில் எங்கள் தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், நான் ஒரு அலறு அலறினேன்.

"ஐயையோ... என் நெல்லு அம்புட்டும் போச்சே!"

எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து கதவைத் தட்டினார். "எந்த ஊர்லம்மா உங்களுக்கு நிலம்?"

லேப்டாப்பைக் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயசில் ஒருத்தி வீடியோ கேமில் வெள்ளம் வந்ததற்கு அழுகிறாள் என்றால் அவரும்தான் என்ன சொல்வார்?

ஆனால் வாசகர்களே, அது சாதாரண நெல் இல்லை. பதினாலு பேருடைய கிறிஸ்துமஸ் சாப்பாடு அதில் இருந்தது!

பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தேன்; கொரட்டூருக்குக் குடிவந்தது பிறகு. நாத்தனார் டெய்சி அப்போது காலேஜ். அவள் பேசும் மெட்ராஸ் தமிழ் எனக்குப் பாதி புரியாது; என் திருநெல்வேலித் தமிழுக்கு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்களைச் சேர்த்து வைத்தது 'ஏழு கோட்டை' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஊரைக் கட்டு, நெல் சேர், படை திரட்டு, எதிரியை அடி... அவ்வளவுதான்.

வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதனால் ஒருத்தி ஆடும்போது இன்னொருத்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும். திரையைப் பார்க்கக் கூடாது. சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் பெரிய எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால், ஹாலில் இருக்கும் திரை அதில் மங்கலாகத் தெரியும். இதை இன்றுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். மன்னித்துவிடு டெய்சி... இத்தனைக்கும் நான்தானே தோற்றேன்!

வருஷா வருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு இறுதிப் போர். தோற்றவள் கிறிஸ்துமஸ் அன்று பதினாலு பேருக்கு மட்டன் பிரியாணி செய்ய வேண்டும். என் கணவர் எட்வின் இதற்காக ஒரு சட்டமே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். 'ஜெயித்தவர் அன்று அடுப்பைத் தொடக் கூடாது. மீறினால் அடுத்த வருஷமும் அவரே சமைக்க வேண்டும்.' கீழே கையெழுத்து வேறு.

கடந்த மூன்று வருஷமும் தோற்றது நான். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெய்சியின் பிரியாணி தேவாமிர்தம். என் பிரியாணி... அதைச் சாப்பிடும் முன் என் மாமியார் பண்ணுகிற ஜெபம் மட்டும் பத்து நிமிஷம் போகும். ஆகவே குடும்பமே நான் ஜெயிக்க வேண்டும் என்று உருகிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு ஆதரவு எந்த ராணிக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

அந்த நேரத்தில்தான் டெய்சி போன் பண்ணினாள்.

"அண்ணி! ஏழு கோட்டை ரெண்டாவது பார்ட் வந்துகீது! இந்த வாட்டி அதுலதான் ஆடறோம்."

எனக்கு இரண்டாம் பாகம் என்றாலே ஆகாது. நன்றாக ஓடிய எதையும் இன்னொரு தடவை எடுத்துக் கெடுப்பானேன்? ஆனாலும் டவுன்லோட் பண்ணினேன். சனிக்கிழமை முழுக்க ஓடியது.

திறந்ததும் வாயைப் பிளந்தேன். பழைய விளையாட்டில் குடிமக்கள் என்றால் பச்சைப் புள்ளிகள். இதில் ஒவ்வொருவருக்கும் பேர் இருக்கிறது, மீசை இருக்கிறது, குறையும் இருக்கிறது. வரி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்! போதாக்குறைக்கு தலைப்பாகை கட்டிய அமைச்சர் ஒருவர். நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து ஆலோசனை சொல்கிறார். எனக்கு மாமியார் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது?

ஒன்றே ஒன்றுதான் குறை. இதை ஆன்லைனில் அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். டெய்சி திருநின்றவூரில் அவள் வீட்டில், நான் கொரட்டூரில் என் வீட்டில். தட்டைச் சாய்க்க வழியில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கா தெரியாது? பழைய ஏழு கோட்டையில் ஜெயிக்க ஒரே சூத்திரம்: ஏரிக்கரையில் ஊரைக் கட்டு. அங்கே நெல் இரண்டு மடங்கு விளையும். மழை வந்தால் திரையில் நீலக் கோடுகள் அழகாக விழும். விளைச்சல் இன்னும் ஏறும். கரையோரமாகக் களஞ்சியம், வீடுகள், படை முகாம் என்று கட்டித் தள்ளினேன்.

அமைச்சர் எட்டிப் பார்த்தார். 'ராணி, இது தாழ்வான இடம்' என்றார். மூடினேன். மறுபடி வந்தார். மறுபடி மூடினேன். மூன்றாம் முறை அவரை வரவே விடாமல் பண்ண ஒரு பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

நாலாவது பருவத்தில் மழை வந்தது. ஏரி உடைந்தது. அப்புறம்தான் நான் அலறியது.

ஹெட்போனில் டெய்சி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏரிக்கரையிலயா ஊரு கட்னீங்க? கொரட்டூர்ல இத்தினி வருசம் இருந்துகினு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அப்புறம் என்னைவிட ஒரு கட்டை அதிகமாக ஒரு அலறல்.

அவள் அந்தப் பக்கத்துக் கரையில் கட்டியிருந்தாள்!

எட்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம ஊட்டு ஃப்ரிட்ஜு எதும்மேல நிக்குது?"

"நாலு செங்கல் மேல."

"மழைன்னா வண்டிய எங்க உட்றோம்?"

"மேம்பாலத்துல."

"அப்ப நெல்ல மட்டும் இன்னாத்துக்கு ஏரிக்குள்ள கொண்டுபோய் வெச்ச?"

திரைக்குத் திரும்பினேன். வரைபடத்தின் நடுவில் ஒரு குன்று இருந்தது. பழைய விளையாட்டில் அது எதற்கும் உதவாது. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மிச்சமிருந்த பதினோரு வண்டி நெல்லையும் ஐந்து வீரர்களையும் அங்கே ஏற்றினேன். ஏறிப் பார்த்தால், எதிர்ப்பக்கமிருந்து டெய்சியும் ஏறி வருகிறாள்! நவம்பர் மாத மேம்பாலம் கெட்டது போங்கள்.

நான் மூட்டைகளை ஏற்றியிருந்தேன். அவள் மனுஷர்களை ஏற்றியிருந்தாள். நாற்பது பேர். ஒரு படி அரிசி இல்லை, ஒரு வாள் இல்லை.

திரையில் ஒரு கேள்வி வந்தது. போரா? பகிர்வா?

முதல் பாகத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. எதிரி வந்தால் அடிதான். ஐந்து வீரர்கள் போதும், ஆட்டம் முடிந்தது. நாலு வருஷத்தில் எனக்கு முதல் வெற்றி! பின்னால் மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சுடு ஸ்டெல்லா, யோசிக்காத" என்றார்கள். பெற்ற மகளை! பிரியாணி படுத்தும் பாடு.

உண்மையைச் சொல்கிறேன், மவுஸை 'போர்' மேல்தான் வைத்திருந்தேன்.

அப்போது ஹெட்போனில் டெய்சி, "அண்ணி... என் ஜனத்த மேல ஏத்திக்குங்க அண்ணி" என்றாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழையில் எங்கள் ஹாலில் முழங்கால் தண்ணீர். இதே குரலில்தான் நான் அவளுக்குப் போன் பண்ணினேன். அவள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் தண்ணீர் நின்ற நாள் அது. "மாடி சும்மாத்தான் கீது, எல்லாரும் வந்துடுங்க" என்றாள். ஐந்து நாள் இருந்தோம். ஒரு வேளைகூட முகம் கோணவில்லை அவள்.

'பகிர்வு' என்று அழுத்தினேன். மாமியார் "போச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்கள்.

நானும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் மழை நின்றது, தண்ணீர் வடிந்தது, மீசைக்காரர்கள் குன்றின் மேல் மேளம் கொட்டினார்கள். திரை முழுக்கப் பொன் எழுத்து: இரு ராஜ்யங்களும் வெற்றி!

நான் நாற்காலியில் ஏறிக் குதித்தேன். டெய்சி அங்கே விசிலடித்தாள். இரண்டாம் பாகம் எதுவும் உருப்படாது என்று நான் சொல்லிவந்ததை இந்தப் பத்தியின் வாயிலாக வாபஸ் வாங்குகிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு மாமியார்தான் கேட்டார்கள். "அப்ப பிரியாணி யார் செய்யறது?"

நான் எழுந்து போய் ஃப்ரிட்ஜில் இருந்த சட்டத்தை உரக்க வாசித்தேன். ஜெயித்தவர் அன்று அடுப்பைத் தொடக் கூடாது. ஜெயித்தவர்கள் இரண்டு பேர். கீழே கையெழுத்து, எட்வின்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் நிறுத்தினார்.

முந்தாநாள் ஒத்திகை பார்த்தார். அரை கிலோ அரிசி. சாப்பிட்டோம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மாமியார் ஜெபத்தை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.